ஒரு லட்சத்துக்கு எத்தனை? தாய் இறப்பு விகிதத்தைப் படிப்பது எப்படி

குமரி மாவட்டத்துக் களியக்காவிளையில் சாலையின் இந்தப் பக்கம் தமிழ்நாடு, கொஞ்சம் தள்ளிப் போனால் கேரளம். 2018–20 ஆண்டுகளுக்காக இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் வெளியிட்ட கணக்கில் கேரளத்தின் தாய் இறப்பு விகிதம், அதாவது உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாய்மார் எண்ணிக்கை, 19; தமிழ்நாட்டுக்கு 54. நாடு முழுவதற்கும் 97, அசாமுக்கு 195. செய்தித்தாளில் இதைப் படிக்கும் விளவங்கோடு தாலுகாக்காரருக்கு ஒரு சந்தேகம் வருவது நியாயம்தான். சோதனைச் சாவடியைத் தாண்டிப் பாறசாலையில் போய்ப் பிள்ளை பெற்றால் உயிராபத்து மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுமா?

குறையாது. ஆனால் ஏன் குறையாது என்று சொல்வதற்கு அந்த 54 என்ற எண் எங்கிருந்து வந்தது, அதற்குள் யார் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்க்க வேண்டும். உலக அளவில் தாய்சேய் நலத்தை ஆராய்கிறவர்களின் வேலையில் பெரும்பகுதி இதுதான். வெள்ளைக் கோட்டு, நுண்ணோக்கி என்று நாம் நினைத்துக்கொள்ளும் ஆராய்ச்சியைவிட, யாரை எண்ணுவது, எப்படி எண்ணுவது, எண்ணியதை எவ்வளவு நம்புவது என்ற தகராறில்தான் அவர்கள் காலம் அதிகம் செலவாகிறது.

யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது

ஒரு பெண் கருவுற்றிருக்கும்போதோ, அந்தக் கர்ப்பம் எந்த வகையில் முடிந்தாலும் சரி, முடிந்த 42 நாட்களுக்குள்ளோ இறந்தால், அந்த இறப்புக்குக் கர்ப்பமோ அதற்கான சிகிச்சையோ காரணமாக இருந்தால், அல்லது ஏற்கெனவே இருந்த நோயைக் கர்ப்பம் தீவிரமாக்கியிருந்தால், அது தாய் இறப்பு. குழந்தை பிறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்றாம் மாதத்தில் கருக்கலைப்பு செய்யப்போய் இறந்தவரும் இந்தக் கணக்கில் வருவார். கருக்குழாயில் கரு தங்கி, குழாய் வெடித்து இறந்தவரும் வருவார். கர்ப்பிணி பஸ் விபத்தில் இறந்தால் வரமாட்டார்; அந்த விபத்துக்கும் கர்ப்பத்துக்கும் தொடர்பில்லை.

இதுவரை தெளிவு. இனிமேல் கலங்கல். சிறுவயதில் வந்த முடக்குக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிப்போன பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாட்களில் அவர் சமாளித்துவிடுவார். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு பாதிக்கு மேல்கூட உயரலாம். அந்தச் சுமையை வால்வு தாங்காது. அவர் இறந்தால் சான்றிதழில் ‘இதயச் செயலிழப்பு’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட முடியும். அப்படி எழுதினால் அவர் கணக்கிலிருந்து காணாமல் போவார். முறையாக எழுதினால் ‘மறைமுகத் தாய் இறப்பு’ என்ற பிரிவில் வருவார். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு முற்றித் தற்கொலை செய்துகொள்ளும் பெண்ணை எதில் சேர்ப்பது என்பதும் நெடுங்காலத் தகராறு. 2012-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாட்டு வழிகாட்டி, கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் நடக்கும் தற்கொலைகளை நேரடித் தாய் இறப்பாகவே எண்ணச் சொன்னது. எல்லா இடங்களிலும் அப்படி எண்ணுகிறார்களா என்றால், இல்லை.

42 நாள் என்ற கோடும் மனிதர் போட்டதுதான். ஆறு வாரத்தில் கருப்பை பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்ற புரிதலில் போடப்பட்ட கோடு. இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரை ஐம்பது நாள் உயிரோடு வைத்திருக்க முடிகிறது. ஐம்பத்தோராம் நாள் இறந்தால் அவர் 54-க்குள் இல்லை. 42 நாளுக்குப் பின், ஓராண்டுக்குள் நேரும் இறப்புகளுக்குத் ‘தாமதத் தாய் இறப்பு’ என்று தனிப் பெயரும் தனிக் கணக்கும் உண்டு. செய்தியில் அது பெரும்பாலும் வருவதே இல்லை.

இப்படி எண்ணிய இறப்புகளை அதே காலத்தில் உயிரோடு பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு லட்சத்தால் பெருக்கினால் விகிதம் வந்துவிடும். கர்ப்பங்களின் எண்ணிக்கையால் வகுப்பதுதானே முறை என்று கேட்கலாம். முறைதான். ஆனால் எத்தனை பெண்கள் கருவுற்றார்கள் என்று எந்த நாட்டுக்கும் சரியாகத் தெரியாது. பிறப்புகள் ஓரளவு பதிவாகின்றன. கையில் இருப்பதை வைத்து வகுக்கிறார்கள். சிசு இறப்பு விகிதத்தை ஆயிரத்துக்கு இத்தனை என்று சொல்வதும் தாய் இறப்பை லட்சத்துக்கு இத்தனை என்று சொல்வதும் பலரைக் குழப்புகிறது. 2020-இல் தமிழ்நாட்டின் சிசு இறப்பு விகிதம் 13. இது ஆயிரத்துக்கு. 13-ஐயும் 54-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தாய்மார்தான் அதிகம் இறக்கிறார்கள் என்று முடிவுகட்டிய மேடைப் பேச்சையும் கேட்டிருக்கிறேன். ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் அது 1,300-க்கு 54.

யார் எண்ணுகிறார்கள்

மாநில வாரியாக வெளிவரும் இந்த எண்கள் நாட்டிலுள்ள எல்லா இறப்பையும் எண்ணிக் கிடைத்தவை அல்ல. நாடு முழுவதும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களையும் நகர்ப்பகுதிகளையும் மாதிரியாகத் தேர்ந்தெடுத்து, அங்கே நடக்கும் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் உள்ளூரிலேயே இருக்கும் பகுதிநேரக் கணக்காளர் ஒருவர் எழுதிக்கொண்டே வருகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்து, முதல் ஏட்டைப் பார்க்காமல் வீடுவீடாகத் தானே ஒரு கணக்கு எடுக்கிறார். பிறகு இரண்டு ஏடுகளையும் ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாததை மறுபடி போய் விசாரிக்கிறார்கள். எளிமையான ஏற்பாடு, ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிப்பார். பிள்ளை பெறும் வயதுப் பெண் இறந்திருந்தால் கூடுதல் விசாரணை உண்டு.

இவ்வளவு செய்தும் தாய் இறப்பு அரிதான நிகழ்வு என்பதால் ஓராண்டு மாதிரியில் ஒரு மாநிலத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவே சிக்கும். அதனால்தான் மூன்றாண்டுகளைச் சேர்த்து ‘2018–20’ என்று எழுதுகிறார்கள். மாவட்ட வாரியான எண் இந்தக் கணக்கெடுப்பில் கிடையாது. குமரி மாவட்டத்தின் தாய் இறப்பு விகிதம் என்று எங்காவது ஓர் எண்ணைப் பார்த்தால், அது சுகாதாரத் துறையின் பதிவேட்டிலிருந்து வந்ததாக இருக்கும். இரண்டும் வேறு வேறு ஏடுகள். ஒன்றோடு ஒன்றை ஒப்பிடக் கூடாது.

பதிவேடே இல்லாத நாடுகளில் என்ன செய்வார்கள்? 1989-இல் வெண்டி கிரஹாம், வில்லியம் பிராஸ், ராபர்ட் ஸ்னோ ஆகியோர் ஒரு வழி சொன்னார்கள். பெரியவர்களிடம் போய், ‘உங்களோடு பிறந்த அக்காதங்கைகளில் எத்தனை பேர் பிள்ளை பெறும் வயதை எட்டினார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், அவர்களில் கர்ப்பத்திலோ பிரசவத்திலோ அதற்குப் பின் ஆறு வாரத்திலோ இறந்தவர்கள் எத்தனை’ என்று கேட்பது. ஒருவரிடம் கேட்டால் நான்கைந்து பெண்களின் வாழ்க்கை தெரிந்துவிடுகிறது. உடன்பிறந்தவள் பிரசவத்தில் போனதை யாரும் மறப்பதில்லை என்பதுதான் இந்த முறையின் பலம். கிடைப்பது பல ஆண்டுகளுக்கு முந்தைய நிலவரம் என்பது பலவீனம்.

இத்தகைய பல மூலங்களைக் கோத்துத்தான் உலகக் கணக்கு தயாராகிறது. ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டின்படி 2023-இல் உலகில் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கர்ப்பம், பிரசவம் தொடர்பான காரணங்களால் இறந்தார்கள். நாளொன்றுக்கு எழுநூறுக்கும் மேல். விகிதம் 197. இதை 2030-க்குள் 70-க்குக் கீழே கொண்டுவருவது நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. தமிழ்நாடு அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டது.

சிறிய எண்ணின் சேட்டை

குமரி மாவட்டத்துக்கு வருவோம். கையடக்கமான மாவட்டம், 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 18.7 லட்சம். கணக்குக்கு வசதியாக ஆண்டுக்கு 20,000 பிறப்பு என்று வைத்துக்கொள்கிறேன். இனி வருபவை விளக்கத்துக்கான எண்கள்தான்.

ஓர் ஆண்டில் 4 தாய்மார் இறந்தால் விகிதம் 20. மறு ஆண்டு 7 பேர் இறந்தால் 35. ‘தாய் இறப்பு 75 சதவீதம் அதிகரிப்பு’ என்று தலைப்புப் போடலாம். கணக்கில் பிழையே இல்லை. கலெக்டர் அலுவலகத்தில் கூட்டம் நடக்கும், யாரையாவது இடமாற்றுவார்கள். அடுத்த ஆண்டு 4-க்கே திரும்பினால் அந்த இடமாற்றத்துக்குக் கைதட்டலும் கிடைக்கும். உண்மையில் ஒன்றுமே மாறாமல் இருந்திருக்கலாம்.

நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு பூ விழுவது சகஜம். பத்தாயிரம் முறை சுண்டினால் ஏழாயிரம் பூ விழாது. சிறிய எண்ணிக்கை தற்செயலுக்கு அதிகம் ஆடும். மாவட்டத்தின் நிலையான ஆபத்து லட்சத்துக்கு 30 என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குச் சராசரியாக 6 இறப்பு வர வேண்டும். ஆனால் மருத்துவமனை, மருத்துவர், சாலை எதுவும் மாறாமலேயே, இருபது ஆண்டுகளில் பத்தொன்பது ஆண்டுகள் அந்த எண்ணிக்கை 2-க்கும் 11-க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் நிற்கும். அதாவது விகிதம் 10 என்றும் வரலாம், 55 என்றும் வரலாம். இந்த இடைவெளியைச் சொல்லாமல் விகிதத்தை மட்டும் சொல்வது பாதி உண்மை. நல்ல ஆய்வறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்திலேயே இந்தக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் இருக்கும். செய்தியாக மாறும்போது முதலில் உதிர்வது அதுதான்.

மாநில அளவிலும் இது உண்டு. கேரளத்தின் விகிதம் 2016–18-இல் 43, 2017–19-இல் 30, 2018–20-இல் 19. அடுத்தடுத்த கணக்குகளில் மூன்றில் இரண்டு ஆண்டுகள் பொதுவானவை என்பதைக் கவனியுங்கள். கேரளம் முன்னேறியது உண்மை. ஆனால் அந்த வேகத்தில் ஒரு பங்கு மாதிரியின் ஆட்டமாகவும் இருக்கும்.

எந்த ஊர்க் கணக்கு

எங்கள் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் எல்லை. விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கத்தவருக்கு நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம். நிலைமை மோசமானால் வண்டியைத் திருவனந்தபுரத்துக்குத் திருப்புகிறவர்கள் நிறைய. அந்தப் பக்கத்திலிருந்து மார்த்தாண்டத்துக்கும் நெய்யூருக்கும் பிரசவத்துக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். களியக்காவிளைப் பெண் திருவனந்தபுரத்தில் இறந்தால் எந்த மாநிலக் கணக்கு?

பதில், ஏட்டைப் பொறுத்தது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி நிகழ்வு நடந்த இடத்தில்தான் பதிவு, ஆக, திருவனந்தபுரம். இரண்டு ஏடுகளை ஒப்பிடும், முன்பு சொன்ன மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு வழக்கமாக வசிக்கும் வீட்டை வைத்து எண்ணும், ஆக, தமிழ்நாடு. சுகாதாரத் துறையின் இறப்பு ஆய்வில், இறந்த மருத்துவமனை தகவல் அனுப்பி, வசிப்பிட மாவட்டம் அதை ஏற்று விசாரிக்க வேண்டும். மாநில எல்லையைத் தாண்டித் தகவல் வந்து சேராவிட்டால் அந்தப் பெண் இரண்டு பக்கமும் விடுபடலாம். இதோடு தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியில் வாழ்க்கைப்பட்ட பெண்ணை ஏழாம் மாதத்தில் தோவாளைக்கு அழைத்து வந்தால், பரிசோதனைகள் ஓர் ஊரில், பிரசவம் இன்னோர் ஊரில். இந்த அலைச்சலைச் சமாளிக்கத்தான் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் கொடுத்து, குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் அதோடு இணைத்தார்கள். அந்த எண்ணுக்காக அலையவிடுகிறார்கள் என்று திட்டாத குடும்பம் குறைவு. ஆனாலும் நல்ல ஏற்பாடு என்பதே என் கட்சி.

இன்னொன்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்–கொச்சி. நெய்யூரில் 1838-இலேயே மிஷன் மருத்துவம் தொடங்கிவிட்டது. 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் பொறுப்பை மேரி புன்னன் லூக்கோஸ் என்ற மகப்பேறு மருத்துவர் ஏற்றார். அந்த உயரத்தில் ஒரு பெண் அமர்வது அன்று பல நாடுகளில் நடக்காத காரியம். 2011-இல் ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள், நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் எழுத்தறிவு என்ற நிலை திடீரென்று வந்துவிடவில்லை. தமிழ்நாட்டுச் சராசரியோடு குமரியை ஒப்பிட்டுப் பெருமைப்படுவதைவிட, பக்கத்துத் திருவனந்தபுரத்தோடு ஒப்பிடுவதுதான் பொருத்தம்.

மூன்று தாமதங்கள்

1985-இல் ஆலன் ரோசன்ஃபீல்டும் டெபோரா மெய்னும் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாய்சேய் நலம் என்று உலகமெங்கும் திட்டங்கள் நடக்கின்றன. தடுப்பூசி, எடை பார்த்தல், சத்துணவு எல்லாம் சேய்க்கு. தாய் எங்கே போனாள் என்பது அவர்கள் கேள்வி. கர்ப்ப காலப் பரிசோதனை மட்டும் தாயைக் காப்பாற்றிவிடாது, அவசர நேரத்தில் அறுவை சிகிச்சையும் ரத்தமும் கிடைக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளில் நைரோபியில் பாதுகாப்பான தாய்மைக்கான உலக மாநாடு கூடியது.

அதே டெபோரா மெய்னும் செரீன் தாடியஸும் 1994-இல் எழுதியதுதான் ‘மூன்று தாமதங்கள்’ என்ற விளக்கம். இந்தத் துறையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் கற்பிப்பது இதுதான். மருத்துவம் தேவை என்று முடிவெடுப்பதில் தாமதம். மருத்துவமனையைச் சென்றடைவதில் தாமதம். சென்ற பிறகு உரிய சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இறந்த எந்தத் தாயின் கடைசி மணி நேரங்களையும் இந்த மூன்றில் வைத்துப் பார்க்கலாம்.

நம் மாவட்டத்தில் முதல் தாமதம் எப்படி இருக்கும்? தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கணவன் இல்லாத வீட்டில் யார் முடிவெடுப்பது என்று ஆய்வாளர் எழுதிவிடலாம்; ஆனால் கடற்கரைப் பெண்களை அறிந்தவர்களுக்கு, அங்கே கணவனைக் கேட்டு நிற்கும் வழக்கம் குறைவு என்பது தெரியும். வேறு ஊரில் செய்த ஆய்வை அப்படியே இங்கே ஒட்டக் கூடாது. இங்கே தயக்கம் வேறு வடிவத்தில் வருகிறது. எட்டாம் மாதம் தலைவலி, முகவீக்கம், கண் மங்கல். ‘பனிக்காலம், நீர் கோத்திருக்கும்’ என்று சுக்கும் மிளகும் போடுகிறார்கள். அது ரத்த அழுத்தம் ஏறி வலிப்புக்கு முன்னோட்டமாக இருக்கலாம். படித்த வீடுகளிலும் இது நடக்கிறது.

இரண்டாம் தாமதத்துக்கு மலைக்குப் போக வேண்டும். பேச்சிப்பாறை அணையின் நீர்ப்பரப்புக்கு அப்பால் தச்சமலை, தோட்டமலை போன்ற காணிப் பழங்குடியினர் குடியிருப்புகள். படகில் அணையைக் கடந்து கரையேறி, பிறகுதான் வண்டி. மழை பிடித்துக்கொண்டாலோ, இருட்டியபின் யானை நடமாட்டம் இருந்தாலோ அந்தப் படகும் கிடைக்காது. அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். 2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸ் தார்ச்சாலை உள்ள இடத்தில் காலத்தை வெகுவாகச் சுருக்கியது; தண்ணீருக்கு அந்தக் கரையில் அதற்கு வேலையில்லை. அதனால்தான் தமிழ்நாட்டின் சில மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில், பிரசவத் தேதிக்குச் சில நாட்கள் முன்னதாகவே வந்து தங்கிக்கொள்ளப் பிரசவக் காத்திருப்பு அறைகள் ஏற்படுத்தினார்கள். தூரத்தைக் குறைக்க முடியாதபோது நேரத்தை முன்னால் இழுத்துவைக்கும் யோசனை. சமவெளியில் இருப்பவர்களும் சிரிக்க வேண்டாம். திருவிழா நாளின் மார்த்தாண்டம் நெரிசலும் இரண்டாம் தாமதத்தில்தான் சேரும்.

ஆனால் இன்று குமரியில் கவலைப்பட வேண்டியது மூன்றாம் தாமதத்துக்கு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. வயிற்றாட்டி வந்து வீட்டில் பிள்ளை எடுத்த காலம் பாட்டிமார் பேச்சோடு போயிற்று. எல்லோரும் மருத்துவமனைக்கு வந்துவிட்ட பிறகும் ஒரு தாய் இறந்தால், கேள்வி வாசலுக்கு உள்ளே நுழைகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தாலுகா மருத்துவமனை, அங்கிருந்து சீமாங்க் எனப்படும் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம் என்று கைமாறும்போது முன்கூட்டியே தொலைபேசியில் சொன்னார்களா, அந்த ரத்த வகை இருப்பில் இருந்ததா, மயக்க மருத்துவர் வர எவ்வளவு நேரமாயிற்று, ஆபத்தை முதலில் யார் கண்டார், கண்டவர் இளையவரானால் அவர் சொல் எடுபட்டதா. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம். அறுவை உயிர் காக்கும் கருவி. தேவையில்லாமல் செய்யும்போது அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொண்டு ரத்தப்போக்குக்கு வழி வைக்கும்.

ஒரு பிளாஸ்டிக் பை

ரத்தப்போக்கைப் பற்றி நின்று பேசியே ஆக வேண்டும். உலக அளவில் தாய் இறப்புகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் இதனால்தான் என்று 2014-இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு சொன்னது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்தவுடன் கருப்பை இறுகிச் சுருங்கி அந்தக் குழாய்களை நெரித்து மூடுகிறது. சுருங்காவிட்டால் குழாய் திறந்தே கிடக்கும்.

அரை லிட்டருக்கு மேல் போனால் ஆபத்து என்று பாடநூல் சொல்கிறது. சரி, எவ்வளவு போயிற்று என்று எப்படித் தெரியும்? மேசையில் கொஞ்சம், துணியில் கொஞ்சம், வாளியில் பனிக்குட நீரோடு கலந்து கொஞ்சம். அனுபவமுள்ள செவிலியர் பார்த்து ‘முந்நூறு இருக்கும்’ என்பார். கர்நாடகத்தின் பெலகாவியில் நடந்த ஆய்வில், கண்மதிப்பு உண்மை அளவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது தெரிந்தது. அளப்பதற்கு அவர்கள் பயன்படுத்தியது, பிரசவமானவுடன் தாயின் இடுப்புக்கடியில் விரிக்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் நுனி கூம்புப் பைபோலக் கீழே தொங்கும். பையின்மேல் மில்லிலிட்டர் கோடுகள். அவ்வளவுதான்.

அந்த வகைப் பையை மையமாக வைத்து பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் அர்ரி குமாரசாமி தலைமையிலான குழு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகளில் ஒரு பெரிய சோதனை நடத்தியது. பாதி மருத்துவமனைகளில் வழக்கமான முறை. மீதியில், பையில் ரத்தம் கோட்டைத் தொட்டவுடன் கருப்பையைப் பிசைதல், கருப்பையைச் சுருக்கும் மருந்து, உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம், சிரைவழித் திரவம், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்ற பரிசோதனை என ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரேயடியாகத் தொடங்க வேண்டும். 2023-இல் முடிவு வெளியானது. வழக்கமான முறையில் ரத்தப்போக்கு ஏற்பட்டவர்களில் பாதிப் பேரைத்தான் கண்டுபிடித்திருந்தார்கள். பையுள்ள இடங்களில் 93 சதவீதம். கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறந்து அறுவை, அதனால் மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஆபத்து 60 சதவீதம் குறைந்தது. புதிய மருந்து எதுவும் இல்லை. டிரானெக்சாமிக் அமிலம்கூட ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1960-களிலேயே கண்டறிந்தது. மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் ரத்தப்போக்கு மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று இருபதாயிரம் பெண்களை வைத்து நிறுவ 2017 ஆகிவிட்டது என்பதுதான் கதை.

வீட்டுக்கு வரும் விசாரணை

எண்ணிக்கை சிறிதாகிவிட்ட இடத்தில் விகிதத்தைத் துரத்துவதைவிட ஒவ்வோர் இறப்பையும் பிரித்துப் பார்ப்பதுதான் பயன் தரும். இங்கிலாந்தும் வேல்ஸும் 1952-இலிருந்து இதைச் செய்கின்றன. தமிழ்நாட்டில் 1990-களிலேயே தாய் இறப்பு ஆய்வு தொடங்கியது. நாடு முழுவதற்குமான வழிகாட்டி 2010-இல்தான் வந்தது. கேரளத்தில் 2004 முதல் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பே பெயர்களை நீக்கிவிட்டு இரகசிய ஆய்வு நடத்துகிறது. இரண்டுக்கும் குணம் வேறு. பெயர் வெளிவராது என்றால் மருத்துவர் மனம் திறந்து பேசுவார்; ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ரத்த வங்கி திறக்கும் அதிகாரம் இல்லை. கலெக்டர் தலைமையில் நடக்கும் கூட்டத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மேசைக்கு மறுபக்கம் இருப்பவர் முதலில் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். தண்டிப்பதற்கு வேறு வழிகள் இருக்கின்றன, ஆய்வுக் கூட்டத்தை அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பது என் எண்ணம்.

கோப்பில் இல்லாத பாதியை வீட்டில்தான் கேட்டறிய வேண்டும். துக்கம் நடந்த வீட்டுக்குச் சில நாள் கழித்துச் சுகாதாரப் பணியாளர்கள் வருவார்கள். வலி எப்போது தொடங்கியது என்று கேட்டால், கடற்கரை ஊரில் இறந்தவரின் அம்மா, ‘திரிகால மணி அடிச்ச பொறவு’ என்பார்; மூன்று வேளையும் அடிக்கும் தேவாலய மணி அது. எந்த மணி, காலையா, நண்பகலா, மாலையா என்று மெல்லக் கேட்டுத் தாளில் ‘மாலை 6’ என்று எழுதுவார்கள். வண்டிக்கு எப்போது சொன்னீர்கள் என்பதற்கு ஆம்புலன்ஸ் பதிவேட்டில் நிமிடக் கணக்கு இருக்கும். மருத்துவமனையில் சேர்த்த நேரம் சேர்க்கைச் சீட்டில். முதலில் மருத்துவர் வந்து பார்த்த நேரம் வழக்குத்தாளில். அதே கேள்விக்குக் குடும்பத்தார் சொல்லும் நேரம் சிலசமயம் வேறாக இருக்கும், இரண்டையும் எழுதிவைப்பது முறை. இந்த நேரங்களை ஒரே கோட்டில் அடுக்கினால் மூன்று தாமதங்களில் எது எத்தனை மணி நேரம் தின்றது என்று வெளிப்படும்.

வருகிறவர்கள் போலீஸ் அல்ல. யார் மீதும் வழக்குப் போடுவது அவர்கள் வேலை இல்லை, உதவித்தொகையை நிறுத்தவும் வருவதில்லை. வீட்டிலேயே வைத்தியம் பார்த்தோம் என்பதையோ, மருந்தை நிறுத்திவிட்டோம் என்பதையோ மறைக்கத் தேவையில்லை. தாய்சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பிய பரிந்துரைச் சீட்டு ஆகியவற்றை எரித்துவிடாமல் வைத்திருந்தால் போதும். எல்லைக்கு அப்பால் இறந்திருந்தால் அந்த மருத்துவமனையின் இறப்புச் சுருக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கி, உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரிடம் நீங்களே கொடுங்கள். அது தானாக வந்து சேரும் என்று காத்திருக்க வேண்டாம்.